படம் எடுக்கும் முன் கொஞ்சம் நில்லுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

பழைய நகரம் ஒன்றுக்கு மாணவர்களை அழைத்துப்போய், குழு குழுவாகப் பிரித்து, கையில் ஒரு குறிப்புச் சீட்டைக் கொடுத்து, "தேடிக் கண்டுபிடித்துப் படம் எடுத்து வாருங்கள்" என்று அனுப்பும் புகைப்பட வேட்டையைப் பற்றிச் சில இதழ்களுக்கு முன் போகிறபோக்கில் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு இதற்கு மட்டுமே பதில் சொல்கிறேன். பள்ளிப் பிள்ளைகளோடு பல நாட்டுப் பழைய தெருக்களில் நடந்து வரலாறு நடத்தியவள் நான். வகுப்பறையைவிடத் தெருவில் நடத்திய பாடங்கள்தான் எனக்கு அதிகம் பிடித்தவை.

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்குப் புகைப்பட வேட்டை வைத்தோம். "பெரிய கடிகாரத்தின் முன் ஒரு படம், கோபுரத்தின் முன் ஒரு படம், பாலத்தின் மேல் ஒரு படம்" என்று பதினைந்து குறிப்புகள். மதியத்துக்குள் எல்லாக் குழுவும் முடித்துவிட்டுப் பேருந்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள் வகுப்பில் கடிகாரத்தைப் பற்றிக் கேட்டால் ஒருவருக்கும் எதுவும் நினைவில்லை. குறிப்புகளை எப்படித்தான் எழுதுவது?
*— வரலாற்று ஆசிரியை*

உங்கள் குறிப்புகளில் எல்லாம் "முன்" என்று ஒரு சொல் வருகிறதே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. குரூப் போட்டோவுக்கு நிற்கும் பிள்ளைகள் கேமராவைப் பார்ப்பார்கள், கடிகாரத்துக்கு முதுகைக் காட்டுவார்கள். கடிகாரத்தை ஒரு தரம்கூட நிமிர்ந்து பார்க்காமலே அதனோடு படம் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். உங்கள் பிள்ளைகள் சொன்னதைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள்.

குறிப்பு எழுதும்போது நான் என்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான். இந்தப் படத்தை எடுக்கப் பிள்ளைகள் அங்கே எவ்வளவு நேரம் நின்று பார்த்தாக வேண்டும்? ஐந்து நொடி போதும் என்றால் அந்தக் குறிப்பு வேண்டாம்.

கடிகாரத்தையே எடுத்துக்கொள்வோம். ப்ராக் நகரத்துப் பழைய டவுன் ஹால் சுவரில் 1410-ஆம் ஆண்டைச் சேர்ந்த வானியல் கடிகாரம் ஒன்று இருக்கிறது. "கடிகாரத்தின் முன் படம் எடு" என்று அங்கே எழுத மாட்டேன். இப்படி எழுதுவேன்: "முகப்பின் இரண்டு பக்கமும் நான்கு பேர் நிற்கிறார்கள். மணி அடிக்கும்போது ஒருவர் கயிற்றை இழுக்கிறார், மற்றவர்கள் அவருக்கு ஏதோ பதில் சொல்கிறார்கள். அதே நால்வராக நின்று ஒரு படம்." இப்போது என்ன ஆகும் பாருங்கள். கயிற்றை இழுப்பது ஒரு எலும்புக்கூடு என்று தெரிய மணி அடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். மற்ற மூவரும் "மாட்டோம், மாட்டோம்" என்பதுபோலத் தலையாட்டுவது அப்போதுதான் கண்ணில் படும். ஒருவர் கையில் கண்ணாடி, இன்னொருவர் கையில் பணப்பை. சாவு அழைக்கிறது, அழகில் மயங்கியவரும் பணத்தைப் பிடித்தவரும் வர மறுக்கிறார்கள். இதை நாம் விளக்கவே வேண்டாம். எலும்புக்கூடாக நிற்கப்போவது யார் என்று பிள்ளைகள் அடித்துக்கொள்ளும்போதே கதை புரிந்துவிடும்.

செய்து காட்டச் சொல்வது ஒரு வழி. அளந்து பார்க்கச் சொல்வது இன்னொரு வழி, என் மனசுக்கு அதுதான் இன்னும் நெருக்கம். பாரிஸில் லக்சம்பர்க் அரண்மனைக்கு எதிரே, வோஜிரார் தெருவின் 36-ஆம் எண் கட்டடத்தில், வளைவுகளுக்கு அடியே சுவரில் பளிங்கில் செதுக்கிய ஒரு மீட்டர் இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு, 1796–97-இல், புது அளவு ஜனங்களுக்குப் பழகட்டும் என்று நகரத்தில் பதினாறு இடங்களில் இப்படி வைத்தார்கள். முதலில் வைத்த இடத்திலேயே இன்றும் இருப்பது இது ஒன்றுதான். அவசரமாகப் போகிறவர்கள் கண்ணில் படவே படாது. இதற்கு நான் கொடுக்கும் குறிப்பு: "சுவரில் ஒரு மீட்டர் இருக்கிறது. உங்கள் குழுவில் ஒவ்வொருவரும் சாண் போட்டுப் பாருங்கள். எத்தனை சாண்? எல்லோர் கையும் தெரிகிற மாதிரி ஒரு படம்." கல்லில் கை படாமல் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் அளக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். ஒருத்திக்கு ஐந்து சாண் வரும், இன்னொருவனுக்கு ஐந்தரை, நெட்டையாக வளர்ந்தவனுக்கு நாலரைதான். உடனே சண்டை ஆரம்பிக்கும். "உன் சாண் சரியா, என் சாண் சரியா?" அந்தச் சண்டைதான் பாடம். ஊருக்கு ஊர் முழம் மாறி, வாங்குகிறவரும் விற்கிறவரும் மல்லுக்கு நின்ற காலத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஓர் அளவு ஏன் தேவைப்பட்டது என்பதை, ஒரு பக்கம்கூடப் படிக்காமல் அவர்கள் கையாலேயே தெரிந்துகொண்டுவிட்டார்கள்.

லண்டனில் 1666-ஆம் ஆண்டின் பெருந்தீயை நினைவுகூரும் தூண் 202 அடி உயரம். தீ ஆரம்பித்த புட்டிங் லேன் இடத்துக்கும் தூணுக்கும் தூரம் அதே 202 அடி. "இந்தத் தூண் படுத்துக்கொண்டால் அதன் தலை எங்கே போய் முட்டும்? அங்கே நின்று ஒரு படம்" என்று எழுதினால் போதும். ஃப்ளோரன்ஸில் 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆற்று வெள்ளம் ஏறிய உயரத்தைத் தெருச் சுவர்களில் கல் பதித்துக் காட்டியிருக்கிறார்கள். குழுவிலேயே உயரமானவரைச் சுவரோரம் நிறுத்தி, கை தூக்கச் சொல்லி, அந்தக் கோடு எட்டுகிறதா என்று படம் எடுக்கச் சொல்லுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய ஊர் என்று புத்தகத்தில் படிப்பது வேறு, தண்ணீர் தன் தலைக்கு மேலே எங்கே நின்றது என்று அண்ணாந்து பார்ப்பது வேறு.

மூன்றாவதாகச் சந்தேகப்பட வைக்கும் குறிப்பு ஒன்றாவது இருக்கட்டும். ரோமின் பழங்காலக் கோயிலான பாந்தியனின் முகப்பில் பெரிய எழுத்தில் அக்ரிப்பா (அகஸ்டஸ் பேரரசரின் தளபதி) கட்டினார் என்று பொறித்திருக்கிறது. இன்று நிற்கும் கட்டடமோ அவருக்கு நூறு ஆண்டுக்கும் மேல் பிந்தைய ஹேட்ரியன் பேரரசர் காலத்தில் முடிந்தது. அக்ரிப்பா கட்டியது எரிந்துபோக, புதிதாகக் கட்டியபோது பழைய பெயரையே போட்டுவிட்டார்கள். "இந்தச் சுவர் சொல்வதை அப்படியே நம்பலாமா?" என்று கேளுங்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் விமான நிழல் தரையில் விழாது என்று நாம் எல்லோரும் சின்ன வயதில் கேட்டிருப்போம். அந்த நிழலோடு ஒரு குரூப் போட்டோ எடுத்து வரச் சொல்லிப் பாருங்கள். வெயில் சாய்ந்த நேரத்தில் போனால் நிழல் தரையில் நீளமாகக் கிடக்கும். 1010-இல் முடித்த அந்தக் கட்டடத்தின் பெருமைக்கு அப்படி ஒரு கதை தேவையே இல்லை என்பதும் பிள்ளைகளுக்குப் புரியும்.

பதினைந்து குறிப்பு ரொம்ப அதிகம். அரை நாளைக்கு ஏழு, மிஞ்சிப் போனால் எட்டு. அதில் ஒன்றை அவர்கள் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள்: "எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இருக்காது என்று நீங்கள் நினைக்கும் ஒன்றைப் படம் எடுங்கள்." நல்ல படங்கள் பெரும்பாலும் அதில்தான் வரும்.

எங்கள் குழுவில் ஒருத்தனிடம்தான் நல்ல போன் இருந்தது. அவனே குறிப்பைப் படித்தான், அவனே வழி பார்த்தான், அவனே படம் எடுத்தான். நாங்கள் நாலு பேர் ஒப்புக்குச் சப்பாணியாகப் பின்னாலேயே போனோம். இதற்கு என்ன வழி?
*— பத்தாம் வகுப்பு மாணவன்*

தம்பி, நீ சொல்வது நிறைய குழுக்களில் நடக்கிறது. அவனும் வேண்டுமென்றே செய்திருக்க மாட்டான், போன் யார் கையில் இருக்கிறதோ வேலையும் அவர் கைக்குத்தான் போகும். அதனால் அடுத்த முறை கிளம்பும் முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். ஒருவர் குறிப்பைச் சத்தமாகப் படிப்பவர், ஒருவர் காகித வரைபடத்தில் வழி பார்ப்பவர், ஒருவர் படம் எடுப்பவர், ஒருவர் பார்த்ததை எழுதுபவர், ஒருவர் வழியில் கேட்டு விசாரிப்பவர். ஒவ்வொரு குறிப்பு முடிந்ததும் வேலை கைமாறட்டும். போன் அவனுடையதாக இருக்கலாம், கேமராப் பொத்தானை யார் வேண்டுமானாலும் அழுத்தலாமே.

காகித வரைபடம் என்று சொன்னதைக் கவனி. போன் வரைபடத்தில் நீலப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே நடந்தால் போய்ச் சேருவோம், வழி தெரியாது. பழைய நகரத்துத் தெரு வளைவதற்குக் காரணம் இருக்கும். மதில் இருந்த இடத்தைச் சுற்றி வளைந்திருக்கும், இல்லாவிட்டால் மூடிப்போன ஓடை ஒன்றின் மேல் போகும். ரோமின் நவோனா சதுக்கம் ஏன் அப்படி நீண்டு ஒரு முனையில் வளைந்திருக்கிறது என்று காகிதத்தில் விரலை ஓட்டிப் பார்த்தால்தான் தோன்றும். அது டொமிஷியன் பேரரசரின் ஓட்டப்பந்தய மைதானம் இருந்த வடிவம். பார்வையாளர் வரிசைகள் இருந்த இடத்தில்தான் இன்று வீடுகள் நிற்கின்றன.

இன்னொன்று. படம் எடுப்பவர் படத்தில் இருக்க மாட்டாரே என்று கவலை வேண்டாம். எல்லோருடைய முகமும் வேண்டும் என்பதற்குப் பதில் எல்லோருடைய கையும் வேண்டும் என்று உங்கள் ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். தொல்லியல் ஆய்வில் படம் எடுக்கும்போது பொருளுக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைப்பார்கள், அளவு தெரியட்டும் என்று. உங்கள் கைகள் அந்த வேலையைச் செய்யும்.

பள்ளியில் சுற்றுலாப் பொறுப்பு என்னுடையது. பிள்ளைகளைத் தனித்தனிக் குழுவாக அனுப்ப வயிற்றில் புளியைக் கரைக்கிறது. எத்தனை பேர், எவ்வளவு தூரம், என்ன ஏற்பாடு?
*— பொறுப்பாசிரியர்*

பயம் நியாயமானதுதான். ஒரு குழுவுக்கு நான்கு அல்லது ஐந்து பேர். ஆறு வந்தால் இரண்டு பேர் பேச்சில் இறங்கிவிடுவார்கள். பள்ளி மாணவர்கள் என்றால் குழுவுக்கு ஒரு பெரியவர் கூடவே போக வேண்டும். ஆனால் அவர் வாயைத் திறக்கக் கூடாது, வழி தவறினாலும் சரி. சாலையைக் கடக்கும் இடத்திலும் ஆபத்து என்று படும் இடத்திலும் மட்டும் பேசலாம். இதைப் பெரியவர்களுக்குப் புரியவைப்பதுதான் கஷ்டம், பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

வாகனம் வராத பழைய பகுதியாகப் பார்த்து எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் சாவகாசமாக இருபது நிமிடத்தில் நடந்துவிட வேண்டும். எல்லாக் குழுவும் முதல் குறிப்பிலேயே தொடங்கினால் ஒரே இடத்தில் மொய்த்துக்கொண்டு, முன்னால் போனவர்களைப் பார்த்தே பின்னால் வருகிறவர்கள் விடை கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு குழு முதல் குறிப்பில் தொடங்கினால் அடுத்தது மூன்றாவதில், அதற்கடுத்தது ஐந்தாவதில் தொடங்கட்டும். நடுவில் ஒரு முறை எல்லோரும் கூடும் இடமும் நேரமும் இருக்க வேண்டும். போன் சார்ஜ் தீர்ந்தால் கூப்பிட வேண்டிய எண் சீட்டின் பின்பக்கம் எழுதியிருக்கட்டும்.

முதல் நாளே நீங்கள் போய் நடந்து பாருங்கள், வேட்டை நடக்கப்போகும் அதே நேரத்தில். நான் இதை ஒருநாளும் விட்டதில்லை. கட்டடத்தைச் சுற்றிச் சாரம் கட்டியிருப்பார்கள், வாசல் மூடியிருக்கும், நீங்கள் குறித்துவைத்த சிற்பத்தின் மேல் வெயில் நேராக அடித்து ஒன்றும் தெரியாமல் இருக்கும்.

அந்தந்த ஊர் விதிகளையும் பார்த்துவிடுங்கள். ரோமின் ஸ்பானிஷ் படிக்கட்டில் 2019 முதல் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் அபராதம். வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்துக்குள் படம் எடுக்க அனுமதி இல்லை. படம் எடுக்கக் கூடாத இடத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள் பலர். நான் நீக்க மாட்டேன், அங்கே பென்சிலால் வரையச் சொல்வேன். ஜப்பானில் கியோட்டோவின் நிஜோ கோட்டையில் தாழ்வாரத்து மரத்தளம் கால் வைத்ததும் பறவை மாதிரி கீச்சிடும். அதைக் கேமரா எப்படிப் பிடிக்கும்? "இந்த இடத்தில் கேட்டதை எழுதி வாருங்கள்" என்று ஒரு குறிப்பு வைத்தால், எட்டுப் படங்களுக்கு நடுவே அந்த ஒன்று தனியாக நினைவில் நிற்கும்.

கல்லூரியில் நாங்களே நடத்துகிறோம். முதலில் முடிக்கும் குழுவுக்குப் பரிசு. போன முறை ஒரு குழு இணையத்தில் கிடைத்த படத்தில் தங்களை ஒட்டி அனுப்பிவிட்டார்கள். எப்படித் தடுப்பது?
*— கல்லூரி மாணவி*

முதலில் முடிப்பவருக்குப் பரிசு என்று சொன்ன அன்றே இதற்குக் கதவைத் திறந்துவிட்டீர்கள், அம்மா. வேகத்துக்கு மதிப்பெண் கொடுப்பதை விட்டுவிடுங்கள். குறித்த நேரத்துக்குள் திரும்பினால் போதும், முன்னால் வந்தவருக்கு ஒன்றும் கூடுதலாக இல்லை. பழைய நகரத்தில் ஓடுவது அங்கே குடியிருப்பவர்களுக்கும் தொந்தரவு. அவர்கள் தூங்கும் ஜன்னலுக்குக் கீழேதான் நம் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள்.

மதிப்பெண்ணை இப்படிப் பிரித்துப் பாருங்கள். சரியான இடம் என்றால் ஒன்று. படத்தோடு எழுதிய ஒரு வரியில் அங்கே நின்றால்தான் தெரியும் விஷயம் ஒன்று இருந்தால் இரண்டு. விடை தெரியாத நல்ல கேள்வி ஒன்றைக் கேட்டு எழுதியிருந்தால் மூன்று. அந்த மூன்றுக்குத்தான் போட்டி சூடு பிடிக்கும்.

ஒட்டு வேலையைத் தடுக்க, காலையில் கிளம்பும்போது ஒரு சைகையைச் சொல்லுங்கள், இடது காதைத் தொடுவது மாதிரி ஏதாவது. எல்லாப் படத்திலும் ஒருவர் அதைச் செய்ய வேண்டும். மற்றபடி நேரம் சார்ந்த குறிப்பு ஒன்று வைத்தால் எந்த ஒட்டும் செல்லாது. ஜெய்ப்பூரின் பழைய வானியல் ஆய்வுக்கூடமான ஜந்தர் மந்தரில் சாம்ராட் யந்திரம் என்ற சூரியக் கடிகாரம் 27 மீட்டர் உயரம். அவ்வளவு பெரியது என்பதால் நிழல் நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம், நொடிக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். அனுமதித்த இடத்தில் நின்று நிழலின் விளிம்பை ஒரு படம், ஒரு நிமிடம் அசையாமல் நின்று இன்னொரு படம். நிழல் நான்கு விரல் அகலம் நகர்ந்திருக்கும். பூமி சுற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரிதான்.

படங்களை வாங்கும் விதத்தையும் கவனியுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் எடுத்த நேரம், இடம் போன்ற விவரங்கள் அதிலிருந்து நீங்கிவிடும். டாக்குமென்ட் என்று அனுப்பினால் அவை தங்கும். சரிபார்க்க வேண்டுமானால் இரண்டாவது முறையில் வாங்குங்கள்.

எடுத்த நேரமும் இடமும் படத்திலேயே இருக்கும் என்பதுதான் என் பயம். என் மகள் படம் எங்கெங்கோ போகுமே?
*— ஒரு தாய்*

இரண்டு கடிதமும் ஒரே வாரத்தில் வந்ததால் அடுத்தடுத்து வைத்தேன். பயப்படுவதில் தவறே இல்லை. பெற்றோர் எழுத்தில் சம்மதம் கொடுக்காத பிள்ளையின் முகம் எந்தப் படத்திலும் வரக் கூடாது. அதற்காக அந்தப் பிள்ளையை ஓரமாக நிற்க வைக்கவும் கூடாது. கைகள், நிழல்கள், முதுகுப் பக்கம் என்று எல்லாக் குழுவுக்கும் விதியை வைத்துவிட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பிள்ளைகள் கட்டடத்தைப் பார்த்து நிற்பதைப் பின்னாலிருந்து எடுத்த படம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எதைப் பார்க்கிறார்கள் என்பது அதில்தான் தெரியும். படங்கள் பள்ளிக்குள் ஓரிடத்தில் சேரட்டும், பொதுவில் போடுவதானால் இட விவரத்தை நீக்கிவிட்டு, ஊரை விட்டுக் கிளம்பிய பிறகு போடட்டும். வழியில் போகிறவர்கள், அந்த ஊர்க் குழந்தைகள் முகத்துக்கும் இதே மரியாதை உண்டு.

எங்கள் வகுப்பில் ஒரு மாணவி சக்கர நாற்காலியில் வருகிறாள். பழைய நகரம் என்றால் படிக்கட்டும் கல் பாவிய தெருவும்தான். அவளுக்கு மட்டும் தனிக் குறிப்புகள் கொடுக்கலாமா?
*— வகுப்பாசிரியர்*

தனியாக வேண்டாம். அவள் போகக்கூடிய பாதையையே எல்லோருக்கும் பாதையாக வைத்துவிடுங்கள். முதல் நாள் நடந்து பார்ப்பதைச் சொன்னேன் அல்லவா, முடிந்தால் அவளையும் பெற்றோரையும் கேட்டுப் பாதையை முடிவு செய்யுங்கள். எது முடியும், எது முடியாது என்று அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். கோபுரத்தின் மேல் ஏறினால்தான் நகரம் தெரியும் என்பதில்லை. பார்க்க வேண்டியது தரையிலேயே ஏராளம். ரோமில் சாக்கடை மூடியிலும் எஸ்.பி.க்யூ.ஆர். என்ற நான்கு எழுத்து இருக்கும். ரோமின் செனட்டும் மக்களும் என்று பேரரசு காலத்துக் கல்வெட்டில் பொறித்த அதே எழுத்துகள். ஐரோப்பியப் பழைய நகரங்களில் வீட்டு மூலையில் தரையோடு ஒரு குட்டைக் கல் நிற்கும், வண்டிச் சக்கரம் சுவரை உரசாமல் இருக்க வைத்தது. இஸ்தான்புல்லின் நிலத்தடி நீர்த்தொட்டியில் 336 தூண்கள். அவற்றில் இரண்டின் அடியில் கிரேக்கப் புராணத்தில் வரும் பாம்புக் கூந்தல்காரி மெடூசாவின் தலை, ஒன்று பக்கவாட்டில், மற்றது தலைகீழாக. வேறெங்கோ இருந்து எடுத்துவந்து முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். "இரண்டாவது வேலை பார்க்கும் கல்லைக் கண்டுபிடி" என்பது என் பட்டியலில் எப்போதும் இருக்கும் குறிப்பு, எந்தப் பழைய ஊருக்கும் பொருந்தும்.

மனிதர்கள் கொல்லப்பட்ட இடங்களிலும் விளையாட்டு நடத்துவது எனக்கு ஒப்பவில்லை. உங்கள் கருத்து?
*— ஓய்வு பெற்ற தமிழாசிரியர்*

ஐயா, எனக்கும் ஒப்பவில்லை. அதே ப்ராக் கடிகாரத்துக்குப் பக்கத்திலேயே தரைக் கல்லில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருக்கிறார்கள். 1621 ஜூன் 21 அன்று அந்தச் சதுக்கத்தில் கொல்லப்பட்ட 27 பேருக்காக. கடிகாரத்தைப் பார்க்கும் கூட்டம் தெரியாமல் அதன் மேலேயே நின்றுகொண்டிருக்கும். ஜெர்மனியிலும் வேறு பல நாடுகளிலும் வீட்டு வாசலில், நடைபாதையில், 10 சென்டிமீட்டர் சதுரத்தில் பித்தளைத் தகடு பதித்த கற்கள் உண்டு. குன்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1990-களில் தொடங்கியது, 2023-இல் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. நாஜிகளால் கொண்டுபோகப்பட்ட ஒருவர் அந்த வீட்டில் இருந்தார் என்று பெயரோடும் பிறந்த ஆண்டோடும் சொல்லும். குனியாமல் படிக்க முடியாது.

இந்த இடங்களைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்க நான் விரும்பவில்லை. வேட்டையிலிருந்து வெளியே எடுத்து வைக்கிறேன். சீட்டில் ஒரு கோடு போட்டு, கீழே தனியாக எழுதுவேன்: "இங்கே படம் வேண்டாம், மதிப்பெண் இல்லை. ஒருவர் பெயரைச் சத்தமாகப் படியுங்கள். பிறகு அவருக்கு அப்போது என்ன வயது என்று கணக்குப் போடுங்கள்." சில சமயம் விடை ஆறு என்று வரும், ஏழு என்று வரும். கத்திக்கொண்டு வந்த பிள்ளைகள் அங்கே தானாகவே அமைதியாகிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

திரும்பி வந்த பிறகு இத்தனை படங்களை என்ன செய்வது?
*— நூலகர்*

ஒரே குறிப்புக்கு எல்லாக் குழுவும் எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே கல்வெட்டை ஒரு குழு முழுதாக எடுத்திருக்கும், இன்னொன்று ஓர் எழுத்தை மட்டும், மற்றொன்று அதன் மேல் யாரோ பிற்காலத்தில் கீறிய பெயரை. இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியாவின் மேல்தளப் பளிங்குக் கைப்பிடிச் சுவரில், வட ஐரோப்பாவிலிருந்து வந்த வைகிங் வீரர் ஒருவர் தம் ஊர் ரூனிக் எழுத்தில் கீறிவைத்த பெயர் இன்று வரலாற்று ஆதாரம். நேற்று ஒருவர் சாவியால் கீறியது மட்டும் ஏன் குற்றம் என்று கேட்டுவிடுங்கள், ஒரு பீரியட் போதாது.

அப்புறம் ஒவ்வொரு படத்துக்கும் மூன்று வரி: நாங்கள் பார்த்தது, நாங்கள் ஊகித்தது, தேடிப் பார்க்க வேண்டியது. இந்த மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் இருந்தால் போதும். தேடிப் பார்க்க வேண்டியவற்றைக் கையோடு உங்கள் நூலகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

தேய்ந்த எழுத்துகளைப் படம் எடுத்தால் ஒன்றுமே தெரிவதில்லை. மழை வந்தால் வேட்டையை நிறுத்திவிட வேண்டுமா?
*— எட்டாம் வகுப்பு மாணவி*

நேராக ஃபிளாஷ் அடிக்காதே, கண்ணு. எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்தால்தான் அது தெரியும். ஒருவர் நேராக நின்று படம் எடுக்கட்டும், இன்னொருவர் சுவரோரமாக நின்று போன் டார்ச்சைப் பக்கவாட்டில், சுவரை உரசுகிற மாதிரி பிடிக்கட்டும். வெறும் கல்லாக இருந்ததில் எழுத்து எழுந்து வரும். காலை, மாலைச் சாய்ந்த வெயிலும் இதே வேலையைச் செய்யும். சுண்ணக்கட்டியால் தேய்ப்பது, தண்ணீர் தெளிப்பது இரண்டும் கூடவே கூடாது, கல் கெட்டுவிடும்.

தூறல் என்றால் நிறுத்த வேண்டாம். பாந்தியன் கூரையின் நடுவே வானத்தைப் பார்த்துத் திறந்த வட்டம் ஒன்று இருக்கிறது, மழை நேராக உள்ளே விழும். தரையை லேசாகக் குவிந்தாற்போல் அமைத்து, நடுவில் சின்னச் சின்னத் துளைகள் விட்டிருக்கிறார்கள். தண்ணீர் எங்கே போகிறது என்று தேடிப் படம் எடுக்க மழை நாள்தான் வசதி. பழைய தெருக் கல் மட்டும் நனைந்தால் வழுக்கும், அதனால் படிக்கட்டு உள்ள குறிப்புகளைத் தள்ளிவைக்கச் சொல்லி ஆசிரியரிடம் கேள். இடி மின்னல் என்றால் பேச்சே இல்லை, எல்லோரும் கூரைக்குள் வந்துவிட வேண்டும்.